சமூகவியலும் பி.எட்.டும் சேர்த்துப் படிக்கலாமா? ஒரு கேள்வியும் எட்டு மாதக் குறிப்புகளும்

வாசகர் கேள்வி, 9 ஜூன் 2024

தேவகோட்டைப் பக்கம் ஊர். இந்த ஆண்டு பி.ஏ. வரலாறு முடித்தேன், பி.எட். சேர இருக்கிறேன். கூடவே சமூகவியலில் எம்.ஏ. படிக்க வேண்டும் என்றும் ஆசை. இதைக் கேட்ட எங்கள் கல்லூரி மூத்த மாணவர் ஒருவர், "சமூகவியல் படித்து இங்கே பள்ளிக்கூட ஆசிரியர் ஆனவர் யாரும் இல்லை, இரண்டையும் சேர்த்துப் படிப்பது காசுக்குப் பிடித்த கேடு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். டீச்சர் இரண்டையும் படித்தவர் என்பதால் கேட்கிறேன். அவர் சொல்வது சரிதானா?

11 ஜூன் 2024

பாதி சரி. சரியான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தமிழ்நாட்டு அரசுப் பாடத்திட்டத்தில் ஆறு முதல் பத்து வரை 'சமூக அறிவியல்' என்று ஒரே பாடம்தான். அதற்குள் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என நான்கு பிரிவுகள் உண்டு. சமூகவியல் என்ற தலைப்பு அதில் எங்கும் கிடையாது. சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு வரலாறு அல்லது புவியியல் பட்டம்தான் கேட்கிறார்கள். இதைவிடக் கடுமையானது பி.எட். சேர்க்கை விதி: பொருளியல், வணிகவியல், அரசியல் அறிவியல், உளவியல், சமூகவியல் போன்ற பாடங்களில் பட்டம் பெற்றவர்கள் முதுகலையும் முடித்திருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். ஆகவே சமூகவியலில் இளங்கலை மட்டும் முடித்த பிள்ளைக்கு இங்கே பி.எட். கதவே திறப்பதில்லை. உங்கள் கையில் பி.ஏ. வரலாறு இருப்பதால் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

நடுவண் அரசின் கேந்திரிய வித்யாலயாக்களிலும் கதை ஏறக்குறைய இதேதான். வரலாறு, புவியியல், பொருளியல், அரசியல் அறிவியல் ஆகிய நான்கில் இரண்டைப் பட்டப்படிப்பில் படித்திருக்க வேண்டும், அந்த இரண்டில் ஒன்று வரலாறாகவோ புவியியலாகவோ இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி. சமூகவியலுக்கு இடம் இருப்பது சிபிஎஸ்இ பள்ளிகளின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில், அதுவும் விருப்பப் பாடமாக. கேரளத்திலும் கர்நாடகத்திலும் மாநிலப் பாடத்திட்டத்திலேயே அந்த இரு வகுப்புகளுக்கும் சமூகவியல் உண்டு. காரைக்குடியிலிருந்து அங்கே போய்ப் பணி தேடுகிறவர்கள் எத்தனை பேர் என்பதை உங்கள் மூத்த மாணவரே எண்ணிச் சொல்லட்டும்.

அவர் தவறிய இடம் 'காசுக்குப் பிடித்த கேடு' என்ற முடிவு. பணி வாங்கித் தராத படிப்பு பணியில் உதவாது என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். நான் 2006 முதல் 2008 வரை ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் எம்.ஏ. சமூகவியல் படித்தேன், அதற்குப் பிறகு 2008-இல் பி.எட். சேர்ந்தேன். அந்த எம்.ஏ. பட்டத்தால் எனக்கு ஒரு ரூபாய்கூடச் சம்பளம் ஏறியதில்லை. ஆனால் கடந்த பதினைந்து ஆண்டுகளில் நான் உருப்படியாக நடத்திய பாடங்களை எண்ணிப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை அந்தப் படிப்பிலிருந்து வந்தவை.

12 ஜூன் 2024

நேற்று விட்டுப்போன ஒன்று. பி.ஏ. வரலாறும் எம்.ஏ. சமூகவியலும் வைத்திருப்பவர் மேல்நிலை வகுப்புகளின் முதுகலை ஆசிரியர் பணிக்குப் போக முடியாது. இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். இதைத்தான் ஆசிரியர் அறைகளில் 'கிராஸ் மேஜர்' என்று சலிப்போடு பேசிக்கொள்வார்கள். உங்கள் கண் மேல்நிலைப் பள்ளி மீது இருந்தால், எம்.ஏ. வரலாற்றையே முதலில் முடித்துவிடுங்கள். சமூகவியல் எங்கும் ஓடிவிடாது.

20 ஜூன் 2024

"சமூகவியலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். சம்பந்தம் சமூகவியல் பிறந்த வீட்டிலேயே இருக்கிறது.

சமூகவியலை நிறுவியவர்களில் ஒருவரான எமில் துர்க்கைம் பல்கலைக்கழகத்துக்குப் போகும் முன் பிரெஞ்சு மேல்நிலைப் பள்ளிகளில் சில ஆண்டுகள் தத்துவம் நடத்திய ஆசிரியர். 1887-இல் போர்தோ பல்கலைக்கழகம் அவரை எடுத்துக்கொண்டபோது அவருக்குக் கொடுத்த பொறுப்பு சமூக அறிவியலும் கல்வியியலும் சேர்ந்தது. பள்ளி ஆசிரியர்களுக்கு வகுப்பெடுப்பது அதில் ஒரு பகுதி. 1902-இல் பாரிசின் சோர்போனுக்குப் போனபோதும் கல்வி அறிவியல் துறையின் வழியாகத்தான் உள்ளே நுழைந்தார். அந்தப் பதவியின் பெயரோடு 'சமூகவியல்' என்ற சொல் சேர்ந்தது 1913-இல்தான். ஆசிரியர் பயிற்சி வகுப்பின் முதுகில் ஏறித்தான் சமூகவியல் பல்கலைக்கழகத்துக்குள் வந்தது என்று சொன்னால் பெரிய மிகையாகிவிடாது. நம் நாட்டில் 1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முதல் சமூகவியல் துறைக்கு இப்படி ஒரு பின்னணி இல்லை. அதனால்தானோ என்னவோ, நமக்கு இந்த இரண்டும் ஒட்டாத உறவுகளாகத் தெரிகின்றன.

துர்க்கைம் நம்மூரில் பிறந்திருந்தால் தத்துவப் பட்டத்தை வைத்துக்கொண்டு பட்டதாரி ஆசிரியர் பணிக்கு விண்ணப்பமே போட முடியாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

7 ஜூலை 2024

'உருப்படியான பாடம்' என்று சொன்னீர்களே, ஒன்றையாவது விளக்குங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'குடும்பம்' என்பதை எப்படி வரையறுக்கிறார்கள் என்று பாருங்கள். ஒன்றாக வசித்து ஒரே சமையலில் உண்பவர்கள் ஒரு குடும்பம். ஆக, கணக்கெடுப்பவர் எண்ணுவது கூரையை அன்று, அடுப்பை. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாம் வகுப்பில் நான் பாதி நேரத்தை ஓட்டியிருக்கிறேன். காரணம், செட்டிநாட்டைப் போல இந்த வரையறைக்கு உயிருள்ள எடுத்துக்காட்டு வேறெங்கும் எளிதில் கிடைக்காது. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு. வளவு எனும் நடு முற்றத்தைச் சுற்றி மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. மகனுக்குத் திருமணம் முடிந்ததும் நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) வழக்கப்படி அவனை 'வேறு வைப்பார்கள்'. வேறு வைத்தாலும் வீட்டை விட்டு அனுப்புவதில்லை. தனியே அரிசி பருப்பு அளந்து கொடுத்து, தனியே உலை வைக்கச் செய்வார்கள். அப்போது அந்தத் தம்பதி ஒரு 'புள்ளி' ஆகிவிடுகிறார்கள். கோயில் வரி புள்ளிக் கணக்கில் வரும். பள்ளிப் பிள்ளைகளிடம் "கூட்டுக் குடும்பம் என்றால் என்ன?" என்று கேட்டால், பாட்டி, தாத்தா, சித்தப்பா எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் படம் ஒன்றை வரைவார்கள். அவர்கள் நாள்தோறும் கடந்துபோகும் பெரிய வீட்டில் அந்தக் காலத்தில் ஒரே கூரைக்கு அடியில் ஐந்து அடுப்பு எரிந்திருக்கக்கூடும் என்றதும், அது கூட்டுக் குடும்பமா தனிக் குடும்பமா என்று தாங்களே சண்டை போடத் தொடங்கிவிடுவார்கள். அந்தச் சண்டைதான் பாடம். நான் கரும்பலகையில் எழுத ஒன்றும் மிச்சமிருக்காது.

ஓர் ஆண்டு இதை வீட்டுப்பாடமாகக் கொடுத்து, அவரவர் தெருவில் பத்து வீடுகளின் அடுப்பை எண்ணி வரச் சொன்னேன். மறுநாள் ஒரு பெண் பிள்ளை எழுந்து, "எங்க அம்மா பெரிய வீட்டில் சமையல் வேலை பார்க்குது டீச்சர், ராத்திரி எங்களுக்குச் சோறு அங்கேயிருந்துதான் வரும், எங்க வீட்டு அடுப்பு காலையில் மட்டும்தான் எரியும், நாங்க எந்தக் குடும்பம்?" என்று கேட்டாள். கேலியும் இல்லை, குறையும் இல்லை. கணக்கில் வந்த சிக்கலைக் கேட்பது போலத்தான் கேட்டாள். எம்.ஏ. முடித்த எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. சம்பளத்தில் ஒரு பங்கு சோறாக வருகிறதென்றால் அது உறவா, கூலியா என்று ஒரு தேர்வுத் தாளில் கேட்டிருந்தால் நான்கு பக்கம் எழுதியிருப்பேன்.

8 ஜூலை 2024

பெரிய வீடு என்றதும் நினைவுக்கு வந்தது. நான் எம்.ஏ. படிக்கும்போது எங்கள் தெருவில் ஓர் ஆச்சி, என் கையிலிருந்த தடித்த புத்தகத்தைப் பார்த்து என்ன படிக்கிறாய் என்று கேட்டார்கள். "சோசியாலஜி ஆச்சி" என்றேன். "சோசியமா? பொம்பளப் பிள்ளை சோசியம் படிக்கிறது நல்லதுதான், என் பேத்திக்கு எப்பக் கல்யாணம் கூடும்னு பாரு" என்று உள்ளே போய்ச் சாதகத்தையே எடுத்து வந்துவிட்டார்கள். எவ்வளவு மறுத்தும் விடவில்லை. தை பிறந்தால் வழி பிறக்கும் என்று சொல்லித் தப்பித்தேன். அந்தத் தையிலேயே கூடிவிட்டது. சமூகவியலின் கணிப்புத் திறனைக் குறைத்துப் பேசுகிறவர்கள் இதைக் கருத்தில் கொள்க.

18 ஜூலை 2024

"அடுப்புக் கதை சுவையாக இருக்கிறது, ஆனால் அது பாடநூலில் இல்லையே, பாடத்தை எப்போது முடிப்பது?" என்கிறார் ஒரு சக ஆசிரியர். நியாயம்தான். அவருக்காகப் பாடநூலுக்குள்ளேயே இருக்கும் ஒன்று.

ஒன்பதாம் வகுப்புப் பொருளியலில் இடம்பெயர்தல் பற்றி ஓர் அலகு உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 45 கோடிப் பேர், அதாவது நூற்றுக்கு 37 பேர், பிறந்த ஊரை விட்டு வேறு ஊரில் இருப்பவர்கள். இந்த எண்ணைச் சொன்னால் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். "உங்கள் வீட்டில் யார் இடம்பெயர்ந்தவர்?" என்று கேட்டால் எல்லாக் கைகளும் அப்பாவுக்காகவே உயரும்: சிங்கப்பூர், துபாய், குவைத், திருப்பூர். கொஞ்ச நேரம் அதை ஓடவிட்டு, "அம்மா பிறந்த ஊர் எது?" என்று கேட்பேன். வகுப்பு அமைதியாகிவிடும். நம் நாட்டில் இடம்பெயர்ந்த பெண்களில் பெரும்பாலோர் திருமணத்தின் பொருட்டு ஊர் மாறியவர்கள் என்பதும் அதே கணக்கெடுப்பு சொல்வதுதான். சிங்கப்பூரில் இருக்கும் அப்பாவும் திருப்பத்தூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அம்மாவும் ஒரே பட்டியலில் வரிசையாக நிற்பதை அந்தப் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

அதன் பிறகு பர்மாவுக்குப் போகலாம். இந்த வீடுகளின் தேக்குத் தூண்கள் எங்கிருந்து வந்தன என்பது எல்லாருக்கும் தெரியும். கொண்டுவிக்கப் போனவர்களின், அதாவது கடல் கடந்து வட்டிக்குப் பணம் கொடுத்துத் தொழில் செய்தவர்களின், முகவர்கள் மூன்றாண்டுக் கணக்கில் போய்வந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 1930-களின் பெருமந்தத்தில் கடன் வாங்கியவர்கள் திருப்பித் தர முடியாமல் போக, கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் ஏறத்தாழக் கால் பங்கு செட்டியார்கள் கைக்கு வந்து சேர்ந்தது. 1942-இல் சப்பானியப் படை உள்ளே வந்ததும் எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். பணம் கொடுத்தவர் பக்கத்திலிருந்து மட்டும் இந்தக் கதையைச் சொல்லிப் பழகிய ஊரில், நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் பக்கத்திலிருந்தும் ஒருமுறை சொல்லிப் பார்ப்பது ஆசிரியரின் வேலை. அதற்கு வரலாற்றுப் பட்டம் போதுமே என்று கேட்பீர்கள். போதும். ஆனால் மூன்றாண்டுக் கணக்கையும் இன்றைய வளைகுடாவின் இரண்டாண்டு ஒப்பந்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆண் இல்லாத வீட்டில் முடிவெடுப்பது யார் என்று கேட்க எனக்குச் சொல்லிக் கொடுத்தது சமூகவியல்தான்.

3 ஆகஸ்ட் 2024

மேலே எழுதியவற்றைத் திரும்பப் படித்தபோது என் மேலேயே எரிச்சல் வந்தது. சமூகவியல் படித்ததால் எல்லாம் நன்றாக நடந்தது போலத் தொனிக்கிறது. உண்மை அப்படி இல்லை. பி.எட். கற்பித்தல் பயிற்சிக்குப் போன அந்த நாற்பது நாட்களில், சமூகவியல் படித்திருந்ததாலேயே நான் மோசமான ஆசிரியையாக இருந்தேன்.

எட்டாம் வகுப்பில் ஒரு பையன். செவ்வாய்க்கிழமை தோறும் வரமாட்டான். மற்ற நாட்களிலும் வாய் திறக்க மாட்டான், வீட்டுப்பாடம் இருக்காது, கேட்டால் தரையைப் பார்ப்பான். பி.எட்.டில் நேர்வு ஆய்வு என்று ஒரு பதிவேடு எழுதித் தர வேண்டும். ஒரு மாணவனைத் தேர்ந்தெடுத்து அவனைப் பற்றி முழுதும் ஆராய வேண்டும். நான் இவனைத் தேர்ந்தெடுத்தேன். அஞ்சல் வழிப் பாடங்கள் தலைக்குள் சூடாக இருந்த காலம். சமூகவியலாளர் பியர் பூர்தியுவின் பண்பாட்டு மூலதனம் (வீட்டிலிருந்தே பிள்ளைக்கு வந்து சேரும் பேச்சும் பழக்கமும்), இன்னொரு சமூகவியலாளர் பேசில் பெர்ன்ஸ்டைன் சொன்ன வரம்புற்ற மொழி, விரிந்த மொழி, முதல் தலைமுறையாகப் படிக்க வரும் குழந்தையின் அயன்மை எல்லாவற்றையும் போட்டுப் பத்துப் பக்கம் எழுதினேன். பள்ளியின் மொழி இவன் வீட்டு மொழி இல்லை, ஆகவே இவன் மௌனம் ஓர் எதிர்ப்பு என்று முடித்திருந்தேன். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

வழிகாட்டி ஆசிரியர் ஓய்வு பெறும் வயதிலிருந்த வரலாற்று ஆசிரியர். பதிவேட்டைப் பொறுமையாகப் படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்கம்மா. செவ்வாய்க்கிழமை எங்கே போறான்னு அவனைக் கேட்டீங்களா?" என்றார். நான் கேட்கவில்லை. பத்துப் பக்கத்தில் எங்கும் அவன் பேசிய ஒரு வாக்கியமும் இல்லை. செவ்வாய்க்கிழமை பக்கத்து ஊர்ச் சந்தை. அம்மா காய்கறிக் கடை போடுவார், இவன் கூட நின்று எடை போடுவான். ஆசிரியருக்கு அது முன்பே தெரியும். செவ்வாய்க்கிழமை வைத்திருந்த வாரத் தேர்வை வியாழனுக்கு மாற்றினார். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. பையன் தேர்வு எழுதத் தொடங்கினான்.

பூர்தியு தவறு என்று சொல்ல வரவில்லை. அவர் ஒரு சமூகத்தைப் பற்றி எழுதினார். நான் அதை ஒரு பையன் முகத்தில் ஒட்டினேன். ஆராய்ச்சியாளர் ஓராண்டு பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வரலாம். ஆசிரியர் நாளைக் காலை ஒன்பதரை மணிக்கு அந்தப் பையனுக்கு ஏதாவது செய்தாக வேண்டும். இந்த இரண்டு அவசரங்களும் ஒன்றல்ல என்பதை எந்தப் பாடத்திட்டத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

18 ஆகஸ்ட் 2024

நடைமுறைக் கேள்விக்குப் பதில். இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்கலாமா?

என் காலத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்பு கூடாது. 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு அதை மாற்றியது. ஒன்றை நேரிலும் மற்றதை அஞ்சல் வழியிலும் படிக்கலாம். ஆகவே பி.எட். நேரில், எம்.ஏ. சமூகவியல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவிலோ தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ என்று திட்டமிடலாம். பி.எட். கல்லூரியில் சேரும்போதே இதைச் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள்; பிறகு சான்றிதழைத் தடுத்து வைத்துக்கொண்டு வாதாடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு திருத்தம்: முன்பு 'நாற்பது நாட்கள்' என்று எழுதியது ஓராண்டு பி.எட். காலத்துக் கணக்கு. 2015 முதல் படிப்பு இரண்டு ஆண்டு. பள்ளியில் இருக்க வேண்டியது மொத்தம் 20 வாரம். முதலாண்டு 4, இரண்டாமாண்டு 16. வகுப்புகளுக்கு 80 விழுக்காடு, பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடு வருகை வேண்டும். அந்த 16 வாரத்தில் பகலெல்லாம் வகுப்பு, மாலையில் மறுநாள் வகுப்புக்கான திட்டம் எழுதுவது, கற்பித்தல் துணைக்கருவி செய்வது என்று ஓடிவிடும், அதற்குள் எம்.ஏ. தேர்வையும் வைத்துக்கொண்டால் இரண்டும் கெடும். இக்னோவில் ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இருமுறை தேர்வு வருவதால், பயிற்சிப் பருவத்தில் தாள்களைக் குறைத்துக்கொண்டு அடுத்த முறைக்குத் தள்ளிவிடலாம். என்னைக் கேட்டால் எம்.ஏ.யை பி.எட். இரண்டாமாண்டு முடிந்த பிறகே தொடங்குங்கள். வகுப்பறையில் நின்று கேள்விகளைச் சேர்த்துக்கொண்டு போனால், புத்தகத்தில் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்திருக்கும். நான் தலைகீழாகச் செய்தேன். விடைகளைச் சேர்த்துக்கொண்டு கேள்விகளைத் தேடி வகுப்புக்குப் போனேன்.

ஆசிரியர் தகுதித் தேர்வை மறந்துவிடாதீர்கள். இரண்டாம் தாளில் மொத்தம் 150. அதில் சமூக அறிவியலுக்கு 60, குழந்தை மேம்பாட்டுக்கும் கற்பித்தலுக்கும் 30, மொழிக்கு 30, ஆங்கிலத்துக்கு 30. தேற, பொதுப் பிரிவில் 90 வேண்டும். 2012-இல் நடந்த முதல் தேர்வில் நான் தோற்றேன். மறு ஆண்டு தேறினேன். சமூகவியலிலிருந்து ஒரு மதிப்பெண்ணும் வரவில்லை.

14 செப்டம்பர் 2024

காலாண்டுத் தேர்வு வேலைகளுக்கு நடுவே எழுதுகிறேன், சுருக்கமாக.

பி.எட். உளவியல் செய்முறையில் 'சோசியோகிராம்' ஒன்று வரைய வேண்டியிருக்கும். 1930-களில் ஜேக்கப் மொரேனோ உருவாக்கிய முறை. "குழுவாக வேலை செய்ய யாரோடு உட்கார விரும்புகிறாய்?" என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியே எழுதி வாங்கி, யாரிடமிருந்து யாருக்கு என்று அம்புக்குறி போட வேண்டும். சமூகவியலும் ஆசிரியர் பயிற்சியும் ஒரே தாளில் கைகுலுக்கும் இடம் இதுதான். பதிவேட்டில் ஒட்டி மதிப்பெண் வாங்குவதோடு நின்றுவிடுவதால் யாரும் கவனிப்பதில்லை.

அந்த எட்டாம் வகுப்பில் நான் வரைந்த படத்தில் இரண்டு தீவுகள் தெரிந்தன, ஊருக்குள் இருக்கும் தெருக்களின்படியே. எந்தத் தீவிலும் சேராமல், ஓர் அம்புக்குறியும் வராமல் நின்ற ஒரே பெயர் செவ்வாய்க்கிழமைப் பையனுடையது. அவன் தெருப் பிள்ளைகள்கூட அவனைத் தேர்ந்தெடுக்கவில்லை. "தெருவுக்குள்ளும் படிநிலை உண்டு" என்று கீழே ஒரு வரி எழுதினேன். முழு மதிப்பெண் கிடைத்தது. வகுப்பில் ஒருவர் இடமும் மாறவில்லை.

2 நவம்பர் 2024

தீபாவளி விடுமுறையில், முதல் கேள்வி கேட்ட தம்பியின் கடிதம் படித்தேன். பி.எட். சேர்ந்தாயிற்று, நுண்ணிலைக் கற்பித்தலில் ஏழு நிமிடத்தில் வினா எழுப்பும் திறனைக் காட்டச் சொல்கிறார்கள், எதிரே மாணவர்களாக உட்கார்ந்திருப்பது சக பயிற்சி மாணவர்கள், எட்டாம் வகுப்புப் பிள்ளை போல நடிக்கச் சொன்னால் எல்லாரும் ஒரே மாதிரி அடக்கமாக நடிக்கிறார்கள், இது நாடகமாக இருக்கிறது என்று அலுத்துக்கொண்டிருக்கிறார்.

நாடகம்தான். அலுத்துக்கொள்ளாமல் அந்த நாடகத்தையே பாருங்கள். ஆசிரியராகப் போகிற முப்பது பேரிடம் மாணவராக நடிக்கச் சொன்னதும் எல்லாரும் கையைக் கட்டுகிறார்கள் என்றால், பள்ளிக்கூடம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவற்றில் ஆழமாகப் பதிந்தது எது என்று தெரிகிறதே. அதை எந்தப் பாடவேளையிலும் யாரும் நடத்தியதில்லை. கல்வியியலில் 'மறை கலைத்திட்டம்' என்று ஒரு பெயர் இருக்கிறது. நாளை உங்கள் முறை வரும்போது பின்வரிசையிலிருந்து ஒருவரை வேண்டுமென்றே குறுக்குக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். விரிவுரையாளர் மதிப்பெண்ணைக் குறைத்தால் என்னைத் திட்ட வேண்டாம்.

இன்னொன்று. வமிசாவளி வரையும் வீட்டுப்பாடம் கொடுக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். உறவுமுறைப் பாடத்துக்கு நம் பிள்ளைகள் அருமையான வகுப்பு என்பது உண்மை. தாய்மாமன், அத்தையின் கணவர், மாமனார் மூவருக்கும் 'மாமா' என்ற ஒரே சொல் ஏன் என்று கேட்டால், எனக்கு அஞ்சல் பாடத்தில் ஒரு மாதம் பிடித்ததை ஐந்தே நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். மாமன் மகளைக் கட்டும் ஊரில் அந்தச் சொல்லே விளக்கம். ஆனால் உண்மையான சொந்தக் குடும்பத்தை வரையச் சொல்லாதீர்கள். நான் சொன்னேன். அப்பா பெயர் எழுத வேண்டிய கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு ஒரு பெண் பிள்ளை அன்று முழுதும் தலை நிமிரவில்லை. இப்போது கற்பனைக் குடும்பம் ஒன்றைக் கொடுத்து வரையச் சொல்கிறேன். ஜூலையில் நான் பெருமையாக எழுதிய அடுப்பு எண்ணும் வீட்டுப்பாடத்துக்கும் இது பொருந்தும். அந்தப் பிள்ளை தைரியசாலி, எழுந்து கேட்டுவிட்டாள். கேட்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனை பேரோ, அப்போது நான் எண்ணவில்லை.

19 ஜனவரி 2025

ஆகஸ்ட், செப்டம்பர்க் குறிப்புகள் இரண்டையும் திருத்த வேண்டும்.

பொங்கலுக்கு முந்தைய சந்தையில் கரும்பு வாங்கப் போனேன். "டீச்சர், நல்லா இருக்கீங்களா?" என்று ஒரு குரல். முப்பதை எட்டும் வயது, முகம் பிடிபடவில்லை. எட்டாம் வகுப்பு என்று அவனே சொன்னான். செவ்வாய்க்கிழமைப் பையன். இப்போது சொந்தமாகச் சிறிய வண்டி வைத்து நான்கு ஊர்ச் சந்தைகளுக்குச் சரக்குப் போடுகிறான். "அம்மா அப்பவே காய்கறிக் கடை போட்டாங்களே" என்று ஆரம்பித்தேன். சிரித்துவிட்டான். "காய்கறியா? நாங்க எப்பவும் கருவாடுதான் டீச்சர். புதன்கிழமை வகுப்பில் பசங்க என் பக்கத்தில் உட்காரவே மாட்டாங்களே, மறந்துட்டீங்களா?"

வீட்டுக்கு வந்து, பரணிலிருந்த பி.எட். பதிவேடுகளை இறக்கினேன். நேர்வு ஆய்வின் பத்துப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. அதற்குப் பின்னால் பென்சிலில் கிறுக்கிய உற்றுநோக்கல் குறிப்புகளில் இருக்கிறது: 'செவ்வாய் வரவில்லை. புதன் வந்தான், தனியாக சன்னல் ஓரம்.' மறுவாரம் அதே வரி. மூன்றாம் வாரம், 'சன்னலைத் திறந்துவைக்கச் சொன்னார்கள்'. சோசியோகிராம் எழுதி வாங்கிய தேதியையும் பார்த்தேன். புதன்கிழமை.

அப்படியானால் தெரு காரணமில்லையா என்று கேட்கலாம். அப்படிச் சொல்ல மாட்டேன். எந்தத் தெருக்காரர்கள் கருவாடு விற்கிறார்கள், எந்த வாடையை வகுப்பு பொறுத்துக்கொள்கிறது, எதைப் பொறுப்பதில்லை என்பதிலும் தெரு இருக்கத்தான் செய்கிறது. இத்தனை ஆண்டுகளில் கருவாட்டைக் காய்கறியாக மாற்றி நினைவு வைத்துக்கொண்டது யார் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனால் வெள்ளிக்கிழமை கேட்டிருந்தால் ஓர் அம்புக்குறியாவது அவன் பக்கம் வந்திருக்குமா என்பது இனித் தெரியப் போவதில்லை.

தம்பி, அடுத்த மாதம் உங்கள் நான்கு வாரப் பள்ளிப் பயிற்சி தொடங்குவதாக எழுதியிருந்தீர்கள். சோசியோகிராம் எழுதி வாங்குவதென்றால் இரண்டு வெவ்வேறு கிழமைகளில் வாங்குங்கள்.